இரவல் ஊத்தா

மேலக்கரைப்பட்டி
4-6-1981

தம்பி கருத்தக்கண்ணனுக்கு அக்கா முத்துத்தாய் எழுதுவது.

சௌக்கியமா என்று கேட்டுவிட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் கேட்கப் போவதில்லை. நீ வண்டியூரில் ஹரிராம் என்பவருடைய சாயப்பட்டறையில் சேலை முக்குகிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று அன்னக்கொடி வந்து சொல்லிவிட்டுப் போனாள். கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குத் தகவல் அனுப்பத் தெரிந்திருக்கிறது. வளர்த்தவளுக்கு அனுப்பத் தெரியவில்லை.

ஊரே கண்மாயில் இறங்கி மீன் பிடித்த அழிகண்மாய் அன்றைக்கு நீ ஓடின பிறகு என்ன நடந்தது என்று உனக்குத் தெரிந்திருக்காது. தெரிந்துகொள்.

கீழூர் தவசி முகத்தைப் பொத்திக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். விரலிடுக்கெல்லாம் ரத்தம். நீ வீசிவிட்டுப் போன ஊத்தா பக்கத்தில் கிடந்தது. மீனைக் கவிழ்த்துப் பிடிக்கிற மூங்கில் கூடு, அடிக்குச்சி கூர்சீவினது, மனுசன் மூஞ்சியில் பட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உன் மாமா, என்னைக் கட்டின மனுசன், மடைப்பக்கமிருந்து ஓடிவந்தார். தவசியைத் தோளில் தூக்கிக் கரை சேர்த்து வண்டியில் ஏற்றினது அவர்தான். அப்புறம் திரும்பிப் போனார். நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொண்ட அந்த விரால் அங்கேயே சேற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்ததாம். ஊத்தாவைக் கவிழ்த்து அதைப் பிடித்துக்கொண்டு வந்து என் பானையில் போட்டார். "இந்த நேரத்துல மீனா?" என்று கேட்டேன். "விட்டுட்டு வந்தா இன்னும் ரெண்டு பேரு இதுக்கு அடிச்சுக்குவாய்ங்க" என்றார்.

பிறகு போலீசு வந்தது. கண்மாயில் இறங்கினவர்கள் அத்தனை பேர் முகத்திலும் கண்ணைத் தவிர மிச்சமெல்லாம் சேறு. யார் அடித்தது என்று கேட்டால் யாரும் வாய் திறக்கவில்லை. ஏட்டு அந்த ஊத்தாவைத் தூக்கிப் பிடித்தார். வாய்விளிம்பில் நான் கட்டின சிவப்புத் துணி அப்படியே இருந்தது.

"இது யாரோடது?"

"என்னோடதுங்க" என்றார் உன் மாமா.

"அப்ப அடிச்சது நீதான?"

"என் ஊத்தாவுக்குள்ள வந்தது எதுவா இருந்தாலும் அது எனக்குத்தாங்க."

நம் கண்மாய் வழக்கம் உனக்குத் தெரியும். ஊத்தா யாருடையதோ மீன் அவனுடையது. இரவல் வாங்கிக் கவிழ்த்தாலும் முதல் மீன் ஊத்தாக்காரனுக்குத்தான். ஊர்ப்பெரியவர் கேட்டால் சொல்கிற பதிலை இந்த மனுசன் போலீசிடம் சொன்னார். ஏட்டு அதைக் குற்றத்தை ஒத்துக்கொண்டதாக எழுதிக்கொண்டு கையைக் கட்டிக் கூட்டிப்போய்விட்டார். இப்போது மதுரை ஜெயிலில் இருக்கிறார்.

ஊத்தாவை அன்றைக்குக் காலையில் அவரிடம் இரவல் வாங்கினது நீ. அதைத் தூக்கி அடித்த கையும் உன்னுடையது. நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது வருகிறாய் என்று எழுது.

முத்துத்தாய்


வண்டியூர்
11-6-1981

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதியது.

ராத்திரியில் தூக்கமில்லை என்று எழுதினால் நடிக்கிறான் என்பாய். அதனால் எழுதவில்லை.

நீ கரையில் நின்றவள். நான் சேற்றுக்குள் நின்றவன். நடந்ததைச் சொல்கிறேன். அந்த விராலை வெகுநேரமாகக் காலால் தடவித் தடவி ஒதுக்கிக்கொண்டு வந்தவன் நான். கவிழ்த்தாயிற்று. உள்ளே அது முட்டுகிற முட்டில் ஊத்தாவே ஆடுகிறது. அந்த நேரம் பார்த்துத் தவசி வந்து மேல்வாய் வழியாகக் கையை உள்ளே விடுகிறான். அவன் துரத்திவந்த மீனாம். கவிழ்த்த ஊத்தாவுக்குள் அடுத்தவன் கை விடலாமா? நம் கண்மாயில் எவனாவது விட்டதுண்டா? அவன் கையை உதறத்தான் ஊத்தாவைத் தூக்கினேன். அது நழுவிவிட்டது. அவன் குனிந்தான். அவ்வளவுதான். அடித்தாய் என்று நீ எழுதுவது எனக்கு வலிக்கிறது.

மாமாவை நானா அப்படிச் சொல்லச் சொன்னேன்? 'நான் இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் வெளியே வந்துவிடுவார். அவர் ஊரில் மரியாதைப்பட்டவர், ஜட்ஜு அவர் முகத்தைப் பார்த்தே இரக்கப்படுவார். என்னைப் பார்த்தால் படுவாரா? போன சித்திரையில் மந்தையில் நடந்த சண்டையே என் பேரில்தான் இருக்கிறது. இதுவும் சேர்ந்தால் என் வாழ்க்கை அதோடு சரி. ஆவணியில் கல்யாணம் பேசியிருக்கிறது. அன்னக்கொடி அப்பன் எப்போது சாக்கு கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

தவசி எப்படி இருக்கிறான் என்று நீ எழுதவே இல்லை. எழுது.

அந்த விராலை என்ன செய்தாய்? குழம்பு வைத்துவிட்டாயா?

கருத்தக்கண்ணன்


மேலக்கரைப்பட்டி
18-6-1981

கருத்தக்கண்ணா,

உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு அடுப்பில் போடத்தான் போனேன். ஒவ்வொரு வரிக்கும் பதில் எழுத வேண்டுமே என்று திரும்ப எடுத்தேன்.

தவசிக்கு இடது கண் போய்விட்டது. பெரியாஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. மூன்றாவது வரியைப் படித்து மூச்சு விட்டுக்கொண்டு முதல் வரியை மறந்துவிடாதே.

குழம்பு வைக்கவில்லை. வழக்கப்படி அது ஊத்தாக்காரனுக்குச் சேர்ந்த மீன். ஊத்தாக்காரன் ஜெயிலில் இருக்கிறான். அவர் வந்து சொல்லாமல் அதன் மேல் கத்தி படாது. மாட்டுத்தொட்டியில் தண்ணீர் விட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். முழங்கை நீளம், முதுகு கருப்பு. கெண்டையாக இருந்தால் அன்றைக்கு மத்தியானமே மிதந்திருக்கும். இது வாங்கின அடிக்கும் கிடந்த கிடைக்கும் இன்னும் உயிரோடு முறைத்துக்கொண்டிருக்கிறது. மாட்டை வெளியே கட்டி வாளியில் தண்ணீர் காட்டுகிறேன். பக்கத்து வீட்டு முனியாயி, "புருசன உள்ள வச்சிட்டு மீன வளக்குறா" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

உன் மாமாவை ஜெயிலில் போய்ப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "மாடு ஈன்றுச்சா?" என்று கேட்கிறார். நான் அழுதேன். திட்டினேன். நீங்கள் அடிக்கவில்லை என்று சொல்லுங்கள் என்று மன்றாடினேன்.

"ஊத்தாவ இரவல் குடுக்கையிலேயே அதுல விழுறதுக்கெல்லாம் நான்தான்னு தெரிஞ்சுதான் குடுத்தேன். மீன் விழுந்தா எனக்கு, வம்பு விழுந்தா அவனுக்கா? இந்தச் சோணை அப்பிடிப்பட்டவன் இல்ல."

"அவன் ஒங்களுக்கு என்ன, பெத்த மகனா?"

"நீ வளத்தது எனக்கு மகன் இல்லாம வேற என்ன?"

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு ஆம்பளைகளும் முடிவு செய்துவிட்டீர்கள். ஒருவர் இருந்துகொண்டு, இன்னொருவன் ஓடிக்கொண்டு. நடுவில் நான் தொட்டிக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறேன்.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற விலாங்கு மாதிரி எனக்கு எழுதாதே. நழுவிவிட்டதாம். உனக்கு ஒன்று சொல்கிறேன். இந்த விரால் எத்தனை ஆழத்தில் கிடந்தாலும் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை மூச்சு வாங்க மேலே வருகிறது. மீனாகப் பிறந்ததுக்கே அது தெரிகிறது.

அக்கா


வண்டியூர்
27-6-1981

அக்காவுக்கு,

எனக்கு விரால் கதை சொல்லாதே. கண்மாய்க்குள் கால் வைத்துப் பார்க்காதவள் நீ.

மூச்சு விட மேலே வருகிற விரால்தான் ஊத்தாவுக்குள் விழுகிறது. குமிழி பார்த்துத்தான் நாங்கள் கவிழ்க்கிறோம். வராதது பிழைத்துக்கொள்கிறது. தண்ணீர் வற்றி, சேறு இறுகி, மேலே மாடு நடந்து போனாலும் அடியில் ஈரத்துக்குள் சுருண்டு கிடக்கும். அடுத்த மழைக்கு எழுந்து வரும். நானே மண்வெட்டி போட்டபோது உயிரோடு துள்ளினதைப் பார்த்திருக்கிறேன். எனக்கும் அடுத்த மழைவரை விடு. அதற்குள் கேசு ஆறிவிடும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள்.

யாரிடம் சொன்னாய் என்று பதறாதே. பேர் சொல்லிக் கேட்கவில்லை. பொதுவாகக் கேட்டேன்.

அந்த மீனைக் கொண்டுபோய்த் தவசி வீட்டில் கொடுத்துவிடு. அவன் கேட்ட மீன்தானே, அவனுக்கே போகட்டும். ஊர்ப்பெரியவர்களை வைத்து ஒரு மன்னிப்புக் கேட்டால் அவர்களே கேசை வாபஸ் வாங்கிக்கொள்வார்கள். மாமா வந்துவிடுவார். எல்லாருக்கும் நல்லது.

வேறு விஷயம் இருந்தால் மட்டும் எழுது. பட்டறை விலாசத்துக்கு அடிக்கடி கடிதம் வந்தால் கேள்வி கேட்கிறார்கள்.

கருத்தக்கண்ணன்


மேலக்கரைப்பட்டி
20-7-1981

தம்பிக்கு,

எழுதக் கூடாது என்றாய். வேறு விஷயம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

மீனைக் கொடுக்க நான் கீழூர் போகவில்லை. கண்ணுக்கு மீனா என்று கேட்பார்கள். ஆனால் தவசி பெண்சாதி ராக்கம்மாள் அவளாகவே வந்தாள். வாசலில் நின்றவளை உள்ளே வா என்று கூப்பிடவும் பயம், கூப்பிடாமலிருக்கவும் பயம். அவள் நேராகத் தொட்டிக்குப் போய்விட்டாள். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தாள். அந்தச் சனியனும் அப்போதுதான் மேலே வந்து ஒரு மடக்கு காற்றைக் குடித்துவிட்டு இறங்கியது.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.

அவள் தொட்டி விளிம்பில் கையை வைத்துக்கொண்டே பேசினாள்.

"எங்க வீட்டுக்காரரு சேத்துல மூஞ்சியப் பாக்கலையாம். சிவப்புத் துணி கட்டுன ஊத்தாவத்தான் பாத்தேன்னு சொல்லியிருக்காரு. ஆனா எனக்குத் தெரியும். அவரத் தூக்கிட்டு வந்த தோளு ஒன் புருசனோடது. அடிச்ச கையும் தூக்குன தோளும் ஒரே ஆளுது இல்ல."

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கூடப் பிறந்த பாவம். மீனை எடுத்துக்கொண்டு போகிறாயா என்று மட்டும் கேட்டேன்.

"எனக்கு மீன் வேணாம். ஆள் வேணும்" என்றாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

உன் மழைக்கணக்கைச் சொன்னாய். இங்கே வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. அடிபம்பில் காற்றுதான் வருகிறது. குடிக்கிற தண்ணீருக்கே வரிசை நிற்கிற நாளில் நான் ஒரு குடத்தைத் தொட்டியில் ஊற்றுகிறேன். ஆடி போய் ஆவணியும் இப்படியே போனால் நீ அங்கேயே கிடப்பாயா? கேசு ஆவணியில் எடுப்பார்கள் என்று வக்கீல் சொல்கிறார். உன் மாமா ஒத்துக்கொண்டதாக எழுதியிருக்கிற காகிதம் ஒன்றே போதுமாம். வருசக்கணக்கில் போட்டுவிடுவார்களாம்.

உன்னைத் தவிர வேறு யாரும் அவரை வெளியே கொண்டுவர முடியாது. அவராலேயே முடியாது. அந்த மனுசன் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்க மாட்டார்.

முத்துத்தாய்


வண்டியூர்
2-8-1981

அன்புள்ள அக்காவுக்கு,

ராக்கம்மாள் சொன்னதை நீ எழுதின பிறகு சோறு இறங்கவில்லை.

நேற்று பட்டறை லீவு. பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன், நம் ஊர் பஸ்ஸில் ஏறலாம் என்று. பஸ்ஸும் நின்றது. கண்டக்டர் நம் பக்கத்து ஆள். என் முகத்தைப் பார்த்து அவன் யோசித்ததும் நான் விலகிவிட்டேன். நடந்தே ஜெயில் பக்கம் போனேன். அந்த மதிலுக்கு எதிரே டீக்கடையில் ஒரு டீ வாங்கி ஆறவைத்துக்கொண்டு நின்றேன். உள்ளேதான் மாமா இருக்கிறார். என் கையைப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் சிவப்புச் சாயம். எத்தனை தேய்த்தாலும் போகாது. டீக்கடைக்காரர் அதையே பார்க்கிற மாதிரி இருந்தது. டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

தெப்பக்குளத்துப் படியில் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் இல்லை. மைய மண்டபத்தை ஒட்டி ஒரு பள்ளத்தில் மட்டும் கலங்கல் நிற்கிறது. அதில் ஒரு விரால் இருக்கிறது. கரையில் கொக்கு நின்றுகொண்டிருந்தது. அது நிற்கிறது என்று இதற்குத் தெரியாதா? தெரிந்தும் வந்தது, மூச்சு வாங்கியது, போனது. திரும்பவும் வந்தது. நான் போன கடிதத்தில் உனக்கு வாய்ச்சவடால் எழுதினேன். வராமல் அதனால் இருக்க முடியாது அக்கா. எனக்கும் அது தெரியும்.

நழுவவில்லை. அடித்தேன். எல்லார் முன்னாலும் என் மீனில் அவன் கையை வைத்தான் என்ற ஒரு ஆங்காரத்தில் ஓங்கி அடித்தேன். கண் என்று பார்க்கவில்லை.

பயமாக இருக்கிறது. வேறு ஒன்றும் எழுதத் தெரியவில்லை. கொஞ்சம் பொறு.

கருத்தக்கண்ணன்


மேலக்கரைப்பட்டி
13-8-1981

தம்பி கருத்தக்கண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். பொய் சொல்ல மாட்டேன், உன்மேல் இரக்கம்தான் முதலில் வந்தது. அம்மா செத்தபோது என் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நீ. உனக்குப் பயம் என்றால் எனக்கும் பயம்தான். ஆனால் பொறு என்று நீ சொல்வது என்னிடம் இல்லை. கம்பிக்கு உள்ளே இருக்கிற ஆளிடம் சொல்கிறாய்.

இங்கே மழை வந்துவிட்டது. நேற்று சாயங்காலம் நாகமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து ஒரு பாட்டம் அடித்தது. நான் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்து பார்க்கிறேன், தொட்டி வெறுமனே இருக்கிறது. முற்றத்துச் சகதியில் தடம் மட்டும் நெளிந்து நெளிந்து போகிறது. பின்னாலேயே போனேன். படலுக்கு வெளியே வாய்க்கால் மேட்டில் கிடந்தது. செதிலெல்லாம் மண். வாலை உந்துகிறது, கொஞ்சம் நிற்கிறது, திரும்ப உந்துகிறது. கண்மாய் எந்தப் பக்கம் என்று அதற்கு யார் சொன்னார்கள்?

இத்தனை நாள் தண்ணீர் சுமந்தவள் நான், ஒரு எட்டு வைத்திருந்தால் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. தள்ளிவிடவும் இல்லை. அது பாட்டுக்குப் போய் வாய்க்காலில் விழுந்தது. ஊத்தாக்காரர் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நீ கேட்ட மழை வந்தாயிற்று.

கேசு வருகிற 24-ஆம் தேதி. நான் சாட்சிக் கூண்டில் ஏறப் போகிறேன். வக்கீலிடம் சொல்லிவிட்டேன். கரையில் நின்றவளை அன்றைக்கு ஒரு போலீசும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, இப்போது நானே சொல்கிறேன். என் புருசன் மடைப்பக்கம் நின்றார், அடித்தது என் தம்பி என்று சொல்வேன். உன் மாமா என்னை மன்னிக்க மாட்டார். நீயும் மாட்டாய். பரவாயில்லை.

ஆனால் நான் தூக்கி வளர்த்த பிள்ளையின் பேரை நானே கோர்ட்டில் சொல்லும்படி வைத்துவிடாதே. எனக்கு முன்னால் நீ வந்துவிடு. இதற்குமேல் உன்னிடம் கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அக்கா


மதுரை மத்திய சிறை
30-8-1981

அன்புள்ள அக்காவுக்கு,

கேசுக்கு முந்தியே நான் போய்ச் சரணடைந்ததை வக்கீல் உனக்குச் சொல்லியிருப்பார். நானே எழுத வேண்டும் என்று இருந்தேன்.

ஸ்டேஷனுக்கு ஹரிராம் அண்ணன் கூட வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, பஸ் வந்துரும்" என்றார்.

அதே ஏட்டுதான் இருந்தார். நான் அடித்தேன் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார். மாமனுக்காகப் பழியை ஏற்றுக்கொள்ள வந்திருக்கிறேனாம். ஊத்தாவைத் தூக்கி என் முன்னால் போட்டார்.

"இது சோணையோடதுன்னு அவனே சொல்லிட்டான். நீ என்னடா புதுசா?"

"ஊத்தா மாமாவோடதுதாங்க. கை என்னோடது."

எழுதிக்கொண்டார்.

மாமாவை விடுகிற அன்றைக்கு வராந்தாவில் எதிரே பார்த்தேன். அவரை வெளியே கூட்டிப்போகிறார்கள், என்னை உள்ளே கூட்டி வருகிறார்கள். கண்டபடி திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "என்னடா இது சாயம்?" என்று கேட்டார். அதற்குள் நகரச் சொல்லிவிட்டார்கள். அவர் கோபமாகத்தான் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. நீ எழுது.

ராக்கம்மாளைப் பார்த்தால் ஆள் வந்துவிட்டான் என்று சொல்.

தம்பி
கருத்தக்கண்ணன்


மேலக்கரைப்பட்டி
11-10-1981

அன்புத் தம்பிக்கு அக்கா முத்துத்தாய் எழுதுவது.

சௌக்கியமா? இந்தத் தடவை கேட்கிறேன்.

ராக்கம்மாளிடம் போய்ச் சொன்னேன். "சரி" என்றாள். தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன். தவசி ஒரு கண்ணோடு உழவுக்குப் போகிறான். அவர்கள் நம்மை மன்னித்துவிட்டார்கள் என்று நான் உனக்கு எழுத மாட்டேன். அன்னக்கொடி அப்பன் கல்யாணப் பேச்சை முறித்துவிட்டான். அவள் மட்டும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து மாட்டுக்குப் புல் போட்டுவிட்டுப் போகிறாள். அவள் மனசை நான் கேட்கவில்லை.

கண்மாய் அரைக்கண்மாய் பெருகிவிட்டது. மடைப்பக்கம் செவசெவ என்று விரால் பார்ப்பு, பொடிப்பொடிக் குஞ்சு, கூட்டமாக மேய்கிறது, தாய் அடியில் காவல் நிற்கிறது. நம் தொட்டி மீன்தான் என்று நான் சொல்கிறேன். "ஊருல வேற விராலே இல்லையாக்கும்" என்கிறார் உன் மாமா. தொட்டி காலியாகக் கிடந்ததற்கு என்னை ஒரு சொல் கேட்கவில்லை.

கோபமா என்று கேட்டிருந்தாய். வந்து பத்து நாள் உன் பேரையே எடுக்கவில்லை. சாட்சிக் கூண்டு ஏறப்போனேன் என்று என்னோடும் பேசவில்லை. பழைய ஊத்தா கோர்ட்டில் கிடக்கிறது. கேட்டு வாங்கலாம் என்று வக்கீல் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டார். ஒரு நாள் காலையில் அரிவாளை எடுத்துக்கொண்டு போய் மூங்கில் வெட்டிக்கொண்டு வந்தார். ஒரு வாரம் உட்கார்ந்து முடைந்தார். முடித்த பிறகு பார்த்தால் மேல்வாய் சின்னதாக இருக்கிறது. அவர் கை அதில் நுழையவே நுழையாது. உனக்குத்தான் கை மெலிசு.

"இது யாருக்கு?" என்று கேட்டேன்.

"கருத்தக்கண்ணனுக்கு. இனிமே அவனுக்கு இரவல் கிடையாது" என்றார்.

சிவப்புத் துணி கட்டப் போனேன். அதை அவனே வந்து கட்டிக்கொள்ளட்டும் என்று தடுத்துவிட்டார். ஊத்தா மாட்டுக்கொட்டத்து விட்டத்தில் தொங்குகிறது.

முத்துத்தாய்